குறைஞ்சதா, குறைச்சாங்களா?

இந்த எபிசோடை ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அந்த மெயிலை எழுதினது நான்தான்.

போன வருஷம் எங்க டீம்ல பதினோரு பேர் இருந்தோம். ஆறு மாசத்துல அஞ்சு பேர் ஆயிட்டோம். கிளையன்ட்டுக்கு மாசா மாசம் ஒரு ரிப்போர்ட் போகும், அதோட முதல் டிராஃப்ட் என் பொறுப்பு. அதுல ஒரு வரி எழுதினேன்: "தி டீம் ஹேஸ் கிராஜுவலி டுவிண்டில்ட் டு ஃபைவ்." எழுதிட்டு, உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்சம் பெருமையாவே இருந்துச்சு. "டிக்ரீஸ்"னு எல்லாரும் எழுதுவாங்க. "டுவிண்டில்" எழுதுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?

எங்க டீம்ல டெஸ்டிங் பண்ணிட்டு இருந்த ஒரு அண்ணன், ஒன்பது வருஷ அனுபவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு பக் ரிப்போர்ட்டை எப்படிப் படிக்கணும்னு சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு அது கடைசி வாரம். ஆனா மெயில் லிஸ்ட்ல பேரு இன்னும் இருந்துச்சு. மத்தியானம் என் சீட்டுக்கு வந்தார்.

"தம்பி, டுவிண்டில்னா என்னடா அர்த்தம்?"

"கொஞ்சம் கொஞ்சமா குறையறதுண்ணே."

அவர் கோபப்படல. சிரிச்ச மாதிரிதான் சொன்னார். "நாங்க குறையலடா தம்பி. குறைச்சாங்க."

அவ்வளவுதான். டீ குடிக்கப் போயிட்டார். நான் ஸ்கிரீனையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தேன். இன்னைக்கு எபிசோடு முழுக்க அந்த ஒரு வரியோட விளக்கம்தான். மெல்ல மெல்ல மறையறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு கூடை நிறைய வார்த்தை இருக்கு. எல்லாம் ஒரே அர்த்தம்னு நினைச்சுத்தான் நாம மாத்தி மாத்திப் போடுறோம். ஆனா ஒவ்வொரு வார்த்தையும் மூணு கேள்விக்கு வேற வேற பதில் சொல்லுது. எது குறையுது? திரும்பி வருமா? யார் குறைச்சது?

முதல்ல சுலபமான ஒண்ணு. ஃபேட். இது ஒளி, நிறம், சத்தம், ஞாபகம் இதுக்கெல்லாம் வர்ற வார்த்தை. துவைச்சுத் துவைச்சு ஜீன்ஸ் ஃபேட் ஆகும். நம்ம வீட்ல "சாயம் போயிடுச்சு"ன்னு சொல்லுவாங்க. இந்த எபிசோடோட கடைசியில மியூசிக் மெல்ல அடங்கும்ல, அது ஃபேட் அவுட். இதுல எண்ணிக்கை குறையாது, செறிவுதான் குறையும். சட்டை சட்டையாவேதான் இருக்கும், நிறம் மட்டும் போகும். அதனால "அஞ்சு பேர் ஃபேட் ஆயிட்டாங்க"ன்னு யாரும் சொல்றதில்ல. "அவங்க முகம் என் ஞாபகத்துல ஃபேட் ஆகுது"ன்னு சொல்லலாம். தமிழ்ல இதுக்கு அழகா "மங்குது"ன்னு ஒரு சொல் இருக்கு.

ஃபிரண்ட்எண்ட் பண்றவங்களுக்கு ஒரு உதாரணம். சிஎஸ்எஸ்ல ஒரு பட்டனோட ஒபாசிட்டியை ஒண்ணுல இருந்து பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தா அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதே இடத்துலதான் இருக்கும், கிளிக் பண்ணா வேலையும் செய்யும். டிஸ்ப்ளே நன் கொடுத்தாத்தான் இடத்தையே காலி பண்ணும். ஃபேட்ங்கிறது ஒபாசிட்டி மாதிரி. தெரியாமப் போறது வேற, இல்லாமப் போறது வேற.

அடுத்தது வேன். ஸ்கூல் வேன் இல்ல. நிலா தேயறதுக்குச் சொல்ற பழைய இங்கிலீஷ் வார்த்தை. வளர்றது வேக்ஸ், தேயறது வேன். ஆர்வம், செல்வாக்கு, அதிகாரம் இதெல்லாம் வேன் ஆகும். அதுக்குப் பக்கத்துலயே எப். இது கடலோட வார்த்தை. ஓதம் ஏறி இறங்குதுல்ல, அந்த இறக்கம்தான் எப். உடம்புல தெம்பு, மனசுல தைரியம் இதெல்லாம் வடியும்போது எப் வரும். ரெண்டு வார்த்தைக்குள்ளயும் ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு. தேய்பிறைக்கு அப்புறம் வளர்பிறை உண்டு, உள்ள போன தண்ணி திரும்பி வரும். ஒரு கட்சியோட செல்வாக்கு வேன் ஆகுதுன்னு எழுதினா, நாளைக்கே அது திரும்பி வரலாம்னு ஒரு கதவைத் திறந்து வைக்கிறீங்க.

அந்தக் கதவை மூடுற வார்த்தை, பீட்டர் அவுட். நம்ம ஊர்ல பீட்டர் விடுறதுன்னா வேற. இது பத்தொன்பதாம் நூற்றாண்டுல அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிங்க புழங்கின வார்த்தை. பாறைக்குள்ள தங்கமோ வெள்ளியோ ஒரு கோடு மாதிரி ஓடும். தோண்டத் தோண்ட அது மெலிஞ்சு மெலிஞ்சு, ஒரு இடத்துல ஒண்ணுமே இல்லாம முடிஞ்சிடும். அதான் பீட்டர் அவுட். பெருசா ஆரம்பிச்சு, சத்தமே இல்லாம முடியற எல்லாத்துக்கும் இது பொருந்தும். ஜனவரி ஒண்ணாம் தேதி ஆரம்பிச்ச ஜிம், வாட்ஸாப் குரூப்ல போட்ட கோவா ட்ரிப் பிளான். தமிழ்ப் பேப்பர்ல "போராட்டம் பிசுபிசுத்தது"ன்னு போடுவாங்கல்ல, பீட்டர் அவுட்டுக்கு அதைவிடச் சரியான தமிழ் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இப்போ நம்ம டுவிண்டில். இது எண்ணக்கூடிய, அளக்கக்கூடிய விஷயங்களுக்கு. கூட்டம், சேமிப்பு, கையிருப்பு. நிறைய இருந்தது, கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி, பாக்கவே பரிதாபமா ஆயிடுச்சுங்கிற தொனி உண்டு. ஷேக்ஸ்பியர் இதை நான்காம் ஹென்றி முதல் பாகத்துல ஃபால்ஸ்டாஃப் வாயில வைக்கிறார். அந்த நாடகத்துலயே குண்டான ஆசாமி, தான் இளைச்சுப் போறதா புலம்பும்போது வர்ற வார்த்தை.

ஆனா இலக்கணத்துல இதுக்கு ஒரு குணம் இருக்கு. டுவிண்டில் தானா நடக்கிற வினை. "தி நம்பர்ஸ் டுவிண்டில்ட்" சரி. "தி நம்பர்ஸ் வேர் டுவிண்டில்ட் பை தி மேனேஜர்" இன்னைக்கு இங்கிலீஷ்ல சரியா வராது. அந்த வார்த்தைகிட்ட "யாரு செஞ்சது?"ன்னு கேட்டா, பதில் சொல்ல இடமே கிடையாது. வேன், எப், பீட்டர் அவுட் எல்லாம் இதே ஜாதிதான்.

இதுல என்ன ஆபத்து? கழுகுக் கதையைச் சொல்றேன். 1990களுக்கு முன்னாடி இந்தியாவுல பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமா இருந்துச்சு. அப்புறம் சில வருஷத்துல முக்கியமான மூணு வகைக் கழுகுகள்ல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல அழிஞ்சு போச்சு. "வல்ச்சர் பாப்புலேஷன் ஹேஸ் டுவிண்டில்ட்"னு எழுதினா இலக்கணப்படி நூத்துக்கு நூறு சரி. ஆனா அவை தானா குறையல. மாட்டுக்கு வலி நிவாரணியா டைக்ளோஃபெனாக் போட்டாங்க. மருந்து உடம்புல இருக்கும்போதே செத்த மாட்டைத் தின்ன கழுகுக்கு சிறுநீரகம் செயலிழந்து போச்சு. இது 2004ல ஆய்வுக் கட்டுரையா வந்தது. 2006ல இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்தறதைத் தடை பண்ணிச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல முதுமலைப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குல அந்தக் கழுகுகள் இன்னும் இருக்கு. "குறைஞ்சிடுச்சு"ன்னு சொல்லி உச்சுக் கொட்டிட்டுப் போயிருந்தா, மருந்தை யாரும் தேடியிருக்கவே மாட்டாங்க. "எது குறைச்சது?"ன்னு கேட்டதாலதான் பதில் கிடைச்சது.

சரி, யாரோ செய்யறாங்கன்னு ஒத்துக்கிற வார்த்தைகள் இங்கிலீஷ்ல இல்லையா? இருக்கு. டேப்பர் ஒண்ணு. டேப்பர்னா முதல்ல மெல்லிசான மெழுகுவத்தி. அடி தடிமனா, நுனி மெலிசா. அந்த உருவத்துல இருந்துதான் படிப்படியா குறையறது, குறைக்கிறதுங்கிற அர்த்தம் வந்தது. இது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். மழை தானா டேப்பர் ஆஃப் ஆகும். டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரையை டேப்பர் பண்ணுவார். ரொம்ப நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைப் படக்குன்னு நிறுத்தினா உடம்பு தாங்காது, அது தானா சுரக்க வேண்டியதைத் திரும்பச் சுரக்க அவகாசம் வேணும். அதனால அளவைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குவாங்க.

2013 மே மாசம் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பென் பெர்னான்கி, மாசம் 8,500 கோடி டாலருக்கு பாண்டு வாங்கிட்டு இருந்ததைக் குறைக்கலாம்னு கோடி காட்டினார். நிறுத்தல, குறைக்கலாம்னுதான் சொன்னார். உலகச் சந்தையே ஆடிப் போச்சு. ஆகஸ்ட் கடைசியில ஒரு டாலர் 68 ரூபாயைத் தாண்டிடுச்சு. "டேப்பர் டேன்ட்ரம்"னு அதுக்குப் பேரே வெச்சாங்க. கை வைக்கிற ஆள் யாருன்னு தெரியும்போது ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எடை வருதுன்னு பாருங்க.

இன்னொண்ணு ஃபேஸ் அவுட். முகம் இல்ல, கட்டம். கட்டம் கட்டமா ஒழிக்கிறது. இதை யாராவது செஞ்சே ஆகணும், தானா நடக்காது. இந்தியாவுல ஈயம் கலந்த பெட்ரோலை 2000ஆம் வருஷத்தோட ஃபேஸ் அவுட் பண்ணாங்க. திட்டம் உண்டு, தேதி உண்டு, பொறுப்பு உண்டு. அதனாலதான் இந்த வார்த்தையைக் கண்டா அரசாங்கங்கள் பயப்படும்.

2021 நவம்பர், கிளாஸ்கோ, பருவநிலை மாநாடு. கிட்டத்தட்ட இருநூறு நாடுகள். நிலக்கரி மின்சாரத்தை "ஃபேஸ் அவுட்" பண்றதுக்கான முயற்சியை வேகப்படுத்தணும்னு வரைவுல இருந்துச்சு. நவம்பர் 13, கடைசி நேரம். இந்தியா சார்பா அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து, அதை "ஃபேஸ் டவுன்"னு மாத்தணும்னு முன்மொழிஞ்சார். ஒழிக்கிறது இல்ல, குறைக்கிறது. வறுமையை ஒழிக்க வேண்டிய நாடுகள்கிட்ட இதை எப்படிக் கேக்கறீங்கங்கிறது இந்தியாவோட வாதம். அதே "ஃபேஸ் டவுன்" சில நாள் முன்னாடி அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து விட்ட அறிக்கையிலயும் இருந்துச்சு. ஆனா தீவு நாடுகளும் சுவிட்சர்லாந்தும் கடுமையா வருத்தப்பட்டாங்க. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மன்னிப்புக் கேட்டார், பேசும்போதே தொண்டை அடைச்சு, கண் கலங்கிட்டார். அவுட்டுக்கும் டவுனுக்கும் நடுவுல இருக்கிற தூரம் அவ்வளவு.

நம்ம துறைக்கு வருவோம். நாம ரெண்டு வார்த்தை வெச்சிருக்கோம். டெப்ரிகேட், சன்செட். டெப்ரிகேட் லத்தீன்ல இருந்து வந்தது. "இது வேண்டாம்னு வேண்டிக்கிறது"தான் மூல அர்த்தம். இன்னைக்கு ஒரு ஃபங்ஷன் டெப்ரிகேட்டட்னு வார்னிங் வந்தா, இன்னும் ஓடும், ஆனா நம்பாதேன்னு அர்த்தம். டெப்ரிஷியேட் வேற, அது தேய்மானம், கணக்குப்பிள்ளை வார்த்தை. இன்டர்வியூல இதை மாத்திச் சொல்லி நான் முழிச்சிருக்கேன்.

சன்செட் நல்லா சர்க்கரை தடவின வார்த்தை. ஒரு புராடக்டை மூடறோம்னு சொல்லாம "வி ஆர் சன்செட்டிங் இட்"ம்பாங்க. சூரியன் மறையறதுக்கு யாராவது கோவிச்சுக்க முடியுமா? ஆனா இதையும் நேர்மையாப் பயன்படுத்தலாம். பைத்தான் இரண்டை எடுத்துக்கங்க. 2015ல முடியும்னு முதல்ல சொன்னாங்க. நிறைய பேரால மாற முடியலன்னு தெரிஞ்சதும், 2014லயே அதை 2020க்குத் தள்ளினாங்க. 2020 ஜனவரி 1 அன்னைக்கு முடிச்சாங்க. யார் முடிவு, எந்தத் தேதி, பதிலுக்கு எது, எல்லாம் வெளிப்படை. அப்படி இருந்தா வார்த்தை இனிப்பா இருந்தாலும் யாரும் ஏமாறலை.

இப்போ அந்த அண்ணன் சொன்னதுக்குத் திரும்பறேன். "குறையல, குறைச்சாங்க." இது ஸ்கூல்ல நாம தூங்கிட்டே படிச்ச தன்வினை, பிறவினை. குறைஞ்சுது, குறைச்சாங்க. கரைஞ்சுது, கரைச்சாங்க. மறைஞ்சுது, மறைச்சாங்க. ஒழிஞ்சுது, ஒழிச்சாங்க. இங்கிலீஷ்ல டுவிண்டில்ல இருந்து ஃபேஸ் அவுட்டுக்கு நீங்க வேற வார்த்தைக்கே போகணும். தமிழ்ல நடுவுல ஒரு மெய்யெழுத்தை மாத்தினாப் போதும், பொறுப்பு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிடும்.

இந்த ஒரு எழுத்து எவ்வளவு பெருசுன்னு புரியணும்னா இலங்கையைப் பாக்கணும். இது மெல்ல மறையற கதை இல்ல, ஆனா வினைச்சொல் பிரச்சினை இதேதான். போர்ல பிள்ளைகளைத் தொலைச்ச தாய்மார் கிளிநொச்சியில 2017 பிப்ரவரியில வீதியோரமா உட்கார்ந்து போராட்டத்தை ஆரம்பிச்சாங்க. அவங்க "காணாமல் போனோர்"னு சொல்றதில்ல. "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்"னு சொல்றாங்க. காணாமப் போறதுன்னா வழி தவறிப் போன மாதிரி இருக்கு. ஆக்கப்பட்டோர்னா ஆக்கினவன் ஒருத்தன் இருக்கான். இங்கிலீஷ்லயும் டிஸப்பியர் தானா நடக்கிற வினைதான். ஆனா ஒருத்தரை இன்னொருத்தர் "டிஸப்பியர் பண்றது"ங்கிற பிரயோகம், 1961ல வந்த கேட்ச் 22 நாவல்லயே வருது. தேவை வந்தா மொழி தன்னோட இலக்கணத்தையே வளைச்சுக்கும்.

என் மெயிலுக்கு வர்றேன். டீம்ல போன ஆறு பேர்ல ஒருத்தர்தான் நல்ல ஆஃபர் கிடைச்சு அவரா போனார். மூணு பேர் கான்ட்ராக்ட், நீட்டிக்கல. ரெண்டு பேரை ஒரு ரூமுக்குக் கூப்பிட்டு, நீங்களே ரிசைன் பண்ணிட்டா நல்லதுன்னாங்க. அண்ணன் அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சே டுவிண்டில்னு எழுதினேன். பொய் சொல்லணும்னு எழுதல. அந்த வார்த்தை அழகா இருந்துச்சு, யாரையும் சங்கடப்படுத்தல, அவ்வளவுதான். இப்போ யோசிச்சா அதுதான் பயமா இருக்கு. பொய் சொல்லணும்னு நினைக்காமலே ஒரு பொய்யை எழுதிட முடியுது, இலக்கணப் பிழை ஒண்ணு கூட இல்லாம.

அடுத்த மாச ரிப்போர்ட்ல மாத்தி எழுதினேன். மூணு கான்ட்ராக்ட் நீட்டிக்கப்படல, ரெண்டு பொறுப்புகள் நீக்கப்பட்டன, ஒருவர் தானாக விலகினார். மேல இருந்து திருத்தி வந்துச்சு: "நேச்சுரல் அட்ரிஷன்." அட்ரிஷன்னா உராய்ஞ்சு உராய்ஞ்சு தேயறது. இயற்கையாவே தேஞ்சுட்டாங்களாம். நான் அதுக்கு மேல சண்டை போடல. போட்டிருக்கணும்னு இப்ப தோணுது. என் பேர்ல போற மெயில்ல அந்த வார்த்தையை எழுத மாட்டேன்னு மட்டும் சொன்னேன். அந்த வரியை வேற ஒருத்தர் எழுதினார்.

சரி, கேக்கற உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட் கேஸ். குறையறது, மறையறது பத்தி இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் எழுதினீங்கன்னா, கடைசியில "பை ஹூம்"னு சேர்த்துப் பாருங்க. சேராத வார்த்தையா இருந்தா, ஒரு நிமிஷம் நில்லுங்க. மழை, நிலா, உங்க ஜிம் ஆர்வம் இதுக்கெல்லாம் அது சரிதான், ஆளே கிடையாது. ஆனா ஆள் இருந்தும் வார்த்தையில ஆள் இல்லன்னா, அந்த வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லிப் பாருங்க. குறைஞ்சதா, குறைச்சாங்களா? வாய்ல எது வருதோ அதுதான் உண்மை. அப்புறம் எதை எழுதறதுங்கிறது உங்க இஷ்டம். ஆனா தெரியாம எழுதினேன்னு சொல்ல முடியாது.

அந்த அண்ணனுக்கு நாலு மாசம் கழிச்சு வேற இடத்துல வேலை கிடைச்சது, கொஞ்சம் சம்பளம் கம்மியா. இந்த எபிசோடு பண்ணலாமான்னு அவர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். "என் பேரைச் சொல்லாதடா. அந்த வார்த்தையைச் சொல்லு"ன்னார். சொல்லிட்டேன் அண்ணே.

உங்க ஆபீஸ்ல, வீட்ல, காலேஜ்ல இப்படி ஆளை ஒளிச்சு வெச்ச வார்த்தை ஏதாவது மாட்டினா எனக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடுல சேர்ந்து பிரிச்சுப் பாக்கலாம். இப்போ மியூசிக் ஃபேட் அவுட் ஆகும். தானா இல்ல, நான்தான் குறைக்கிறேன்.